வன்னிக் களியையும் கல்லையும் அகச்சிவப்பில் தரம் பார்ப்பது எப்படி

முருங்கன் களி ஓடு சுடச் சரிவருமா, சிலாவத்துறைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் மக்னீசியம் கூடவா குறையவா, உப்பளத்து உப்பில் ஜிப்சம் கலந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டு வருகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். அகச்சிவப்பு நிறமாலைமானி அபூர்வமான கருவி இல்லை. மருந்தும் பிளாஸ்டிக்கும் பார்க்கத்தான் பெரும்பாலும் அதை வாங்குவார்கள், கல்லையும் மண்ணையும் அதில் வைக்கலாம் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. தாராளமாக வைக்கலாம். ஒரு சிட்டிகைத் தூள் போதும், சில நிமிடத்தில் வரைபடம் கையில் வந்துவிடும்.

ஆனால் அது என்ன சொல்லும் என்பதில் தெளிவு வேண்டும். எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்று இந்தக் கருவி சொல்லாது, எந்தக் கனியம் இருக்கிறது என்று சொல்லும். இது சின்ன விஷயம் இல்லை. அலுமினியம் இவ்வளவு, சிலிக்கா இவ்வளவு என்று ஓர் இரசாயன அறிக்கை கையில் இருந்தாலும் அந்த அலுமினியம் கயோலினைட் என்ற களிக் கனியத்தில் இருக்கிறதா மொன்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனியத்தில் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. ஓடு சுடுகிறவருக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் கயோலினைட் கூடிய களி காயும்போதும் சூளையிலும் உருக்குலையாமல் நிற்கும், மொன்ட்மோரில்லோனைட் கூடியது நிழலில் காய வைக்கும்போதே சுருங்கி வெடித்துவிடும்.

எது தெரியும், எது தெரியாது

அகச்சிவப்பு ஒளி படும்போது கனியத்துக்குள் இருக்கும் பிணைப்புகள் ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணில் அதிர்ந்து அந்த ஒளியை விழுங்கும். எங்கே விழுங்கியது என்பதை அலைஎண்ணாக, அதாவது ஒரு சென்ரிமீற்றருக்குள் எத்தனை அலை என்று, 4000 இலிருந்து 400 வரை கருவி வரைந்து தரும், விழுங்கிய இடம் ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முனையாகத் தெரியும். இனி நான் வெறும் எண்ணாக 913, 712 என்று எழுதினால் அது அலைஎண். களிக்குள் பிணைந்திருக்கும் ஐதரொட்சில் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த பிணைப்பு) 3700க்கும் 3600க்கும் இடையில், காபனேற்று 1420 அளவில், சிலிக்காவும் ஒட்சிசனும் சேர்ந்த பிணைப்பு 1000க்குக் கொஞ்சம் மேலே. ஆகவே களி, சுண்ணாம்புக்கல், ஜிப்சம், வெள்ளை மணலில் இருக்கும் குவாட்ஸ் எல்லாம் நன்றாகத் தெரியும்.

கொக்கிளாய்க் கரையோரக் கறுப்பு மணலைக் கொண்டுவந்து, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த இல்மனைட் என்ற கனியத்தின் தரம் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு இது சரியான வழி இல்லை. இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு சேர்ந்த பிணைப்புகள் 700க்குக் கீழே அகலமாக, ஒன்றோடொன்று கலந்து கிடக்கும், அதிலிருந்து ஒரு தரத்தைப் பிரித்தெடுப்பது நம்பத்தகுந்த வேலை இல்லை. சுத்தமான இல்மனைட்டில் தைத்தேனியம் ஈரொட்சைட்டு கணக்குப்படி 52.7 சதவீதம். உங்கள் மணல் அதற்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று அறிய எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவிக்குத்தான் போக வேண்டும். பிரித்தெடுத்த இல்மனைட்டில் இன்னும் வெள்ளை மணல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் அகச்சிவப்பு உதவும், குவாட்ஸுக்கே உரிய 798, 779 என்ற இரட்டை முனை தலைகாட்டினால் மணல் இருக்கிறது.

மாதிரி எடுப்பது

வன்னியில் மண் தோண்டப் போகும் முன் செய்ய வேண்டியது ஒன்று. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட நிலமா என்று கிராம அலுவலரிடமும் அந்த இடத்து ஆட்களிடமும் கேளுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்ணில் பட்டால் அதற்கு அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல களி இருந்தாலும் வேண்டாம், பலகை இல்லாத காடு என்பதற்காகப் பாதுகாப்பான காடு என்றும் அர்த்தமில்லை. குளக்கட்டு, வயல் வரம்பு, ஏற்கெனவே மண் எடுத்த குழி, புதிதாக வெட்டிய கிணறு, இவைதான் நல்ல இடங்கள். காணிக்காரரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். ஆய்வுக்கு ஒரு பை மண் எடுப்பது வேறு, தொழிலாக அகழ்வது வேறு. அகழ்வதென்றால் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கை வைக்க முடியாது.

மேல் மண்ணைச் சுரண்டி எடுத்துவந்தால் வேர், சருகு, எரு எல்லாம் சேர்ந்து வரும், வரைபடத்தில் 2920, 2850 என்ற இடங்களில் இரண்டு கூர் முனை எழும்பினால் அது சேதனப் பொருள். மேலே ஓர் அடி மண்ணை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டு, குழிச் சுவரில் மேலிருந்து கீழே அலவாங்கால் ஒரு வாய்க்கால் மாதிரிக் கீறி, நிறம் மாறுகிற இடத்தில் எல்லாம் பையை மாற்றுங்கள். கறுப்புக் களியும் அதற்குக் கீழே இருக்கும் மஞ்சள் களியும் ஒரே பைக்குள் போனால் அதற்குப் பிறகு எந்தக் கருவியாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு படையிலும் இரண்டு மூன்று கிலோ எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தமான உரப்பையை விரித்து, கட்டியை உடைத்து, கூம்பாகக் குவித்து, உச்சியை அமுக்கித் தட்டையாக்கி, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள். வைத்திருப்பதை மறுபடி குவித்து மறுபடி பிரியுங்கள், ஒரு கைப்பிடி வரும்வரை. கருவிக்குள் போகப்போவது ஓரிரு மில்லிகிராம் மட்டுமே. அந்த ஓரிரு மில்லிகிராம் ஒரு டிப்பர் லோட்டுக்காகப் பேச வேண்டுமென்றால் இந்தக் குவித்துப் பிரிக்கும் வேலையில் அவசரப்படக் கூடாது. என் அனுபவத்தில், கருவியைப் பற்றி ஆளுக்கு ஆள் விவாதிக்கிறார்கள், பிழை முக்கால்வாசி இந்த உரப்பையின் மேல்தான் நடக்கிறது.

காய வைப்பது, அரைப்பது

ஈரம் இருந்தால் 3400 சுற்றிலும் 1635 இலும் தண்ணீர் முனை பெரிதாக எழும்பி, களியின் ஐதரொட்சிலை மூடிவிடும். களியையும் சுண்ணாம்புக்கல்லையும் 105 பாகை செல்சியஸில் இரவு முழுக்க உலர்த்துங்கள். ஜிப்சம் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டால், உப்பு மாதிரிகளில் கட்டாயமாக, 40 பாகைக்கு மேல் போக வேண்டாம், ஏனென்றால் 105 பாகைச் சூட்டில் ஜிப்சம் தன் நீரை இழந்து வேறு கனியமாகிவிடும், நீங்கள் தேடிப் போனது உலர்த்தியிலேயே காணாமல் போய்விடும்.

அரைப்பதுதான் இந்த முறையின் உயிர். துணிக்கை ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக, இரண்டு மைக்ரோமீற்றருக்குக் கீழே இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஒளி சிதறி, முனைகள் ஒரு பக்கம் சாய்ந்து, அடிக்கோடு மலை ஏறும். அகேட் என்ற கடினமான கல்லில் செய்த கல்வத்தில் அரைப்பது நல்லது. அதற்காக மணிக்கணக்கில் உலர்வாக அரைத்துக்கொண்டே இருந்தாலும் வில்லங்கம்: கயோலினைட்டின் படிக அமைப்பே நொறுங்கி, அதன் ஐதரொட்சில் முனைகள் மெலிந்துவிடும், பிறகு நல்ல களியைக் கெட்ட களி என்று எழுதிக் கொடுப்பீர்கள். சில துளி எதனோல் விட்டு ஈரமாக அரையுங்கள், ஐந்து பத்து நிமிடம், எல்லா மாதிரிக்கும் ஒரே நேரம். ஈரமாக அரைத்தால் தூசும் பறக்காது. குவாட்ஸ் தூசு நுரையீரலில் சிலிக்கோசிஸ் என்ற மாறாத வருத்தத்தைக் கொண்டுவரும், உலர்ந்த தூளைக் கையாளும்போது முகத்துக்கு ஒழுங்கான தூசுக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணத் துணி போதாது.

களிக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது, காசு செலவில்லை. மண்ணைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து உயரமான கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டுவிட்டால் மணல் உடனே அடியில் விழும், வண்டல் பின்னால் விழும், நுண்களி மிதந்துகொண்டே இருக்கும். 20 பாகையில் இரண்டு மைக்ரோமீற்றர் துணிக்கை 10 சென்ரிமீற்றர் இறங்க ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் எடுக்கும். நம்முடைய சூட்டில், 30 பாகை என்று வைத்தால், தண்ணீர் இளகலாக இருப்பதால் ஆறு, ஆறரை மணித்தியாலம் போதும். அந்த நேரம் வந்ததும் மேல் 10 சென்ரிமீற்றர் தண்ணீரை மட்டும் குழாயால் மெதுவாக உறிஞ்சி எடுத்து உலர்த்துங்கள், அதில் இருப்பது இரண்டு மைக்ரோமீற்றருக்குக் கீழ்ப்பட்ட களி மட்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் கல்சியம் களியைத் திரள வைத்து நேரத்துக்கு முன்பே கீழே இறக்கிவிடும், காய்ச்சி வடித்த தண்ணீர் எடுங்கள். திரட்டுதல் நிற்கவில்லையென்றால் சோடியம் எக்சாமெற்றாபொசுபேற்றுக் கரைசல் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் பிறகு நன்றாகக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பொசுபேற்று முனை 1100 பக்கத்தில் வந்து குழப்பும்.

வில்லையா, வைரமா

இரண்டு வழி. பழைய வழி, பொட்டாசியம் புரோமைட்டு வில்லை. அந்த உப்பு அகச்சிவப்பை 400 வரை விழுங்காது, அதனால் அதற்குள் மாதிரியைப் புதைக்கிறோம். 200 மில்லிகிராம் உப்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம் மாதிரி, 13 மில்லிமீற்றர் அச்சு, காற்றை உறிஞ்சிக்கொண்டே ஏழு எட்டுத் தொன் அழுத்தம், ஓரிரு நிமிடம். உப்பை முன்கூட்டியே 110 பாகையில் உலர்த்தி உலர்கலனில் வையுங்கள், மாரி மழைக் காலத்தில் அது கண் முன்னாலேயே ஈரம் குடிக்கும். வில்லை கண்ணாடி மாதிரித் தெளிவாக வர வேண்டும். வெள்ளையாக மங்கினால் ஈரம் அல்லது போதாத அரைப்பு, திரும்பச் செய்யுங்கள், மங்கிய வில்லையை ஓட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்ற வழி வைரப் படிகத்தின் மேல் தூளை வைத்து அமுக்குவது. வேகமானது, வில்லை வேண்டாம். ஒளி தூளுக்குள் ஓரிரு மைக்ரோமீற்றர் ஆழம்தான் போகும், ஆகவே இங்கேயும் நுண்ணிய தூள்தான் நல்லது. வைரத்தின் சொந்த உறிஞ்சல் 2300க்கும் 1900க்கும் இடையில் கொஞ்சம் இரைச்சல் தரும், அங்கே நமக்கு முக்கியமாக எதுவும் இல்லை. உங்கள் கருவியில் இருப்பது வைரமா துத்தநாக செலினைட்டா (ZnSe) என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செலினைட்டின் மேல் குவாட்ஸ் மணலை வைத்துத் திருகினால் படிகம் கீறிவிடும், அதோடு அது 650க்குக் கீழே பார்க்கவும் விடாது. எது இருக்கிறது, எது இல்லை என்பதற்கு வைரம் போதும். எவ்வளவு இருக்கிறது என்று எழுத வேண்டுமென்றால் நான் வில்லையைத்தான் நம்புவேன்.

மாதிரி இல்லாமல் ஓட்டும் பின்னணியை மாதிரிக்கு முன் எடுங்கள், தெளிவு (resolution) 4, ஓட்டம் (scan) 32 அல்லது 64. கருவியின் வாய்க்குக் கிட்ட நின்று கதைக்காதீர்கள், மூச்சில் வரும் காபனீரொட்சைட்டு 2350 இல் எழும்பும். ஏசிக்குப் பக்கத்தில் கருவி இருந்து கதவு அடிக்கடி திறந்தால் நீராவி முனைகள் புல் முளைத்த மாதிரி நெடுகத் தெரியும்.

வரைபடத்தை வாசிப்பது

களியில் முதலில் 3695 ஐப் பாருங்கள். கயோலினைட்டுக்கு 3695, 3669, 3652, 3620 என்று நான்கு முனை உண்டு. மொன்ட்மோரில்லோனைட்டுக்கும் 3620 பக்கத்தில் ஒன்று இருப்பதால் அதை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது, 3695 தான் சாட்சி. நடுவில் உள்ள இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தால் படிகம் ஒழுங்கானது. இரண்டும் கரைந்து ஒரு மேடாகிவிட்டால் ஒழுங்கு குலைந்த கயோலினைட். 913 இல் அலுமினியமும் ஐதரொட்சிலும் சேர்ந்த முனை இரண்டுக்கும் வரும். 3695 இல் ஒன்றுமில்லாமல் 3620 அகலமாகவும், உலர்த்திய பிறகும் 3400, 1635 இரண்டும் பெரிதாகவும் நின்றால், அது தன் அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் மொன்ட்மோரில்லோனைட். கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழே முருங்கன் வயல்கள் சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடப்பதற்கு இந்தக் கனியம்தான் காரணம். அந்தக் களி ஒரு காலத்தில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போனது. சீமெந்துக்கு எல்லாவற்றையும் தூளாக அரைத்துச் சுடுவதால் சுருங்குவது அங்கே பிரச்சினை இல்லை. ஓட்டுக்கு அதே களியைத் தனியாக எடுத்தால் வெடிக்கும், மணல் அல்லது கயோலினைட் கூடிய களி கலந்து பார்க்க வேண்டும். ஆகவே நல்ல களி, கெட்ட களி என்று பொதுவாக எழுதாதீர்கள், எதற்கு என்று எழுதுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் தூளை 600 பாகையில் ஒரு மணித்தியாலம் சுட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கயோலினைட் தன் ஐதரொட்சிலை இழந்து அந்த நான்கு முனையும் போய்விடும்.

சுண்ணாம்புக்கல் இலகு. அதன் முக்கியக் கனியமான கல்சைற்றுக்கு 876, 712. மக்னீசியமும் சேர்ந்த டொலமைற்றுக்கு 881, 728. 876 உம் 881 உம் கிட்டக் கிட்ட இருப்பதால் அவற்றை விடுங்கள், 712 உம் 728 உம் தெளிவாகப் பிரியும். 728 எழும்பினால் மக்னீசியம் இருக்கிறது, சீமெந்துக்கு அது கூடக் கூடாது, ஏனென்றால் சூளையில் உண்டாகும் மக்னீசியம் ஒட்சைட்டு கட்டி முடித்துப் பல காலத்துக்குப் பிறகு மெதுவாக நீரேறிப் பருத்துச் சுவரை வெடிக்க வைக்கும். கடற்கரையோரக் கல்லில் சிப்பி கலந்திருந்தால் 855 பக்கத்திலும் 700 இலும் அரகோனைற்று தெரியும். இரசாயனத்தில் கல்சைற்றும் அதுவும் ஒன்றுதான், தரம் குறையாது, ஆனால் 712 இன் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தவறிவிடும்.

சிப்பி சுட்ட சுண்ணாம்பையும் இப்படியே பார்க்கலாம். நீர்த்த சுண்ணாம்பு 3643 இல் ஊசி மாதிரி ஒரு முனை தரும். அதோடு 1420, 876 உம் பெரிதாக இருந்தால் சரியாக வேகவில்லை, அல்லது சாக்கில் திறந்து கிடந்து காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை மீண்டும் எடுத்துக்கொண்டது. புதுச் சூளையிலிருந்து ஒன்று, சாக்கிலிருந்து ஒன்று எடுத்து இரண்டையும் ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

உப்பு தனிக்கதை. சோடியம் குளோரைட்டு இந்தப் பரப்பின் பெரும்பகுதியில் ஒன்றுமே விழுங்காது, பழைய கருவிகளில் ஜன்னலே அதில்தான் செய்தார்கள். அதனால் களிக்குள் உப்பு ஏறியிருக்கிறதா என்று இந்தக் கருவியால் சொல்ல முடியாது, அதற்கு மின்கடத்துதிறன் பாருங்கள். ஆனால் உப்புக்குள் என்ன அழுக்கு என்பது நன்றாகத் தெரியும், உப்பு தன்னை மறைத்துக்கொள்வதால் அழுக்கு மட்டும் நிற்கும்! கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும், பாத்தி மாற்றுவது பிந்தினால் உப்போடு சேர்ந்துவிடும். ஆனையிறவு உப்பானாலும் மன்னார் உப்பானாலும் உலர்த்திய உப்பை அப்படியே வில்லையாக அமுக்கி 1685, 1620 என்ற சோடியையும் 1140 சுற்றையும் 670, 600 ஐயும் பாருங்கள். 1620 மட்டும் இருந்து மற்றவை இல்லையென்றால் அது வெறும் ஈரம், மக்னீசியம் குளோரைட்டு காற்றிலிருந்து இழுத்தது.

சதவீதமாக்குவது

முனையின் உயரத்தை நேராகச் சதவீதம் என்று எழுத முடியாது. சுத்தமான கல்சைற்றையும் சுத்தமான குவாட்ஸையும் நிறுத்து, கல்சைற்று 0, 5, 10, 20, 40 சதவீதம் வரும்படி கலந்து, உங்கள் மாதிரியை அரைத்த அதே நேரம் அரைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று வில்லை செய்யுங்கள். 712 இன் பரப்பளவை 798 இன் பரப்பளவால் பிரித்து, அதைக் கலவையில் கல்சைற்றுக்கும் குவாட்ஸுக்கும் உள்ள நிறை விகிதத்துக்கு எதிராக வரைந்தால் ஓர் அளவுக்கோடு கிடைக்கும். உயரத்தைவிடப் பரப்பளவு நம்பகமானது. விகிதம் எடுப்பதால் வில்லையின் தடிப்பு வேறுபட்டாலும் பாதகமில்லை. மூன்று வில்லையும் மூன்று விதமாகச் சொன்னால் சராசரி எடுக்காமல் அரைப்புக்குத் திரும்பிப் போங்கள். மாதிரி கோட்டின் எல்லைக்கு வெளியே விழுந்தால் கோட்டை நீட்டி எண் எழுத வேண்டாம், புதிய கலவை செய்யுங்கள்.

சில மாதிரிகளை வேறு முறையாலும் சரிபாருங்கள். சுண்ணாம்புக்கல்லை 950 பாகையில் எடை மாறாமல் நிற்கும்வரை சுட்டால் சுத்தமான கல்சைற்று 44 சதவீத எடையை இழக்கும். சுத்தமான கயோலினைட் 14 சதவீதம். அடுப்பும் தராசும் போதும், இரண்டு முறையும் ஒத்துவந்தால் உங்கள் அளவுக்கோட்டை ஓடு சுடுகிறவரும் நம்பலாம், நீங்களும் நம்பலாம்.

அறிக்கையில் எடுத்த இடம், ஆழம், திகதி, உலர்த்திய வெப்பநிலை, அரைத்த நேரம், வில்லையா வைரமா, எத்தனை வில்லை என்று எல்லாம் எழுதுங்கள், படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல் எண் கோப்பையும் சேமியுங்கள், மிச்ச மாதிரியைப் பெயர் எழுதிய போத்தலில் மூடி வையுங்கள். அடுத்த வருடம் அதே குழியிலிருந்து களி எடுக்க வருகிற ஆள் பக்கத்துப் படைக்கு இறங்கியிருக்கலாம், அப்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் போத்தல் வேண்டும்.